கோவைக்கு எச்சரிக்கை இல்லை, பவானிக்கு ஏன்?

கேள்வி: எங்கள் ஊரில் தூறல்கூட இல்லைங்க. கோவை மாவட்டத்துக்கு மழை எச்சரிக்கையும் இல்லை. ஆனால் ஆற்றங்கரையில் இருப்பவர்கள் மேட்டுக்குப் போகச் சொல்லி மைக்கில் அறிவிக்கிறார்கள். எதை நம்புவது?
– வாசகி, மேட்டுப்பாளையம்

பதில்: மைக்கை நம்புங்கள், உடனே கிளம்புங்கள். வானிலை மையம் சொல்லும் எச்சரிக்கை நிறம் (மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு), உங்கள் மாவட்டத்தில் பெய்யப்போகும் மழைக்கானது. பவானி ஆற்றில் வரும் தண்ணீரோ நீலகிரியில் பெய்தது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அந்தப் பக்கத்து மழையெல்லாம் குந்தா ஆறு வழியாக, உங்கள் ஊருக்கு மேலே இருக்கும் பில்லூர் அணைக்குத்தான் வரும். பில்லூர் 100 அடி அணை. 97 அடியைத் தொட்டாலே வருகிற தண்ணீரை அப்படியே மதகு வழியாக விட்டுவிடுவார்கள். தேக்கி வைக்க அங்கே இடம் குறைவு. அதனால் நீலகிரிக்கு ஆரஞ்சு என்றால், அது உங்களுக்கும் ஆரஞ்சுதான்.

வினாடிக்கு 10,000 கன அடி என்று செய்தியில் படித்தால், வினாடிக்கு ஏறக்குறைய 2.8 லட்சம் லிட்டர் என்று எண்ணிக்கொள்ளுங்கள். துணி துவைக்கும் கல்லருகே தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் மேலே வரத்து கூடிவிட்டது. துணியை எடுக்கக்கூட நிற்காமல் குழந்தைகளோடு கரையேறுங்கள். மழையே இல்லாத நாளிலும், மின் உற்பத்திக்குத் தண்ணீர் விட்டால் ஆறு சட்டென்று ஏறும்.

கேள்வி: மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு: ஒவ்வொன்றுக்கும் என்ன செய்ய வேண்டும்? ஆற்றோரம் மோட்டார் வைத்திருக்கிறேன்.
– விவசாயி, சத்தியமங்கலம்

பதில்: 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை. ஆனால் நிறம் இந்த அளவை மட்டும் வைத்துக் கொடுப்பதல்ல. பாதிப்பு எவ்வளவு, நடக்க வாய்ப்பு எவ்வளவு என்பதையும் சேர்த்துக் கொடுப்பது.

மஞ்சள் என்றால் செய்தியைக் கவனித்துக்கொண்டிருந்தால் போதும். வேலையெல்லாம் ஆரஞ்சில்தான். மோட்டாரை அன்றைக்குப் பகலிலேயே மேட்டுக்கு ஏற்றுங்கள். முதலில் மெயினை அணைத்து, பியூஸ் கேரியரைப் பிடுங்கிவிட்டு, பிறகு கழற்றுங்கள். ராத்திரி வெள்ளத்தில் டார்ச்சோடு மோட்டாரைக் காப்பாற்றப் போவதுதான் உயிரைப் பறிக்கிறது. மாடுகளைப் பட்டியில் கட்டிப்போடாமல் உயரமான இடத்துக்கு ஓட்டுங்கள். பட்டா, ரேஷன் கார்டு, ஒரு வாரத்து மாத்திரைகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். சிவப்பு வந்த பிறகு எதையும் எடுக்கத் திரும்பாதீர்கள்.

மூழ்கிய மோட்டாரை மேலே காய்ந்துவிட்டது என்று ஓட்டாதீர்கள். உள்ளே காயிலில் ஈரம் நிற்கும்; போட்டவுடன் கருகும், ஷாக்கும் அடிக்கும். காயிலை உலர்த்தி, மெக்கரில் (மின்கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் கருவி) பார்த்த பிறகே இணைக்க வேண்டும்.

கேள்வி: தரைப்பாலத்தில் முழங்கால் அளவுத் தண்ணீர்தானே, பைக்கில் போகலாமா?
– கல்லூரி மாணவர், திருப்பூர்

பதில்: வேண்டாம் தம்பி. வேகமாக ஓடும் தண்ணீர் அரை அடி இருந்தாலே ஆளைச் சாய்க்கும். ஒரு அடியில் கார் மிதக்கத் தொடங்கும். அடியில் பாலம் அரித்துப் போயிருந்தாலும் கலங்கலில் தெரியாது. சுற்றுவழியில் போங்கள். யாராவது சிக்கியிருந்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, இல்லையென்றால் 112.