அமெரிக்காவில் பாய் ஸ்கவுட்ஸில் சேரும் பிள்ளைகள் ஏன் இவ்வளவு குறைந்துவிட்டார்கள்?

கேட்டவர் இரண்டு காரணங்களைச் சொல்லி, இதில் எது சரி என்று கேட்டிருக்கிறார். பாலியல் கொடுமை வழக்குகளா, இல்லை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கூடாரம், நெருப்பு, காட்டு நடை எல்லாம் பிடிக்காமல் போய்விட்டதா?

முதலாவது உண்மை. இரண்டாவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நியூ ஜெர்சியில் நான்கு வருடம் கப் ஸ்கவுட் டென் லீடராக இருந்திருக்கிறேன். கப் ஸ்கவுட் என்பது தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கான பிரிவு, டென் என்பது அதில் ஒரு சின்னக் குழு. அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். பிள்ளைகளின் ஆசை அப்படியேதான் இருக்கிறது. அவர்களைக் கூட்டிக்கொண்டு போகிற பெரியவர்கள் குறைந்துவிட்டார்கள்.

எண்ணிக்கையை முதலில் சொல்லிவிடுகிறேன். இயக்கம் தொடங்கியது 1910-இல். 1970-களில் உச்சத்தில் இருந்தபோது 40 லட்சம் பிள்ளைகளுக்கு மேல் இருந்தார்கள். 2019-இல் கப் ஸ்கவுட், பெரிய பிள்ளைகளின் ஸ்கவுட் இரண்டும் சேர்த்து சுமார் 19.7 லட்சம். 2020-இல் 11.2 லட்சம். 2021-இல் 7.62 லட்சம். இரண்டே வருடத்தில் பாதிக்கும் மேல் போய்விட்டது. மூன்று அடிகள் அடுத்தடுத்து விழுந்த காலம் அது.

முதல் அடி, மார்மன் சபை என்ற கிறிஸ்தவப் பிரிவு விலகியது. நம் ஊரில் சாரணர் படை பள்ளிக்கூடத்தோடு இருக்கும். நானும் ஏழாம் வகுப்பில் கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டியவன்தான். அமெரிக்காவில் அப்படி இல்லை. ட்ரூப் என்கிற ஒவ்வொரு உள்ளூர்க் குழுவுக்கும் ஒரு தேவாலயமோ, பெற்றோர் சங்கமோ, முன்னாள் படைவீரர் சங்கமோ பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். கூடும் இடமும் பெரும்பாலும் அவர்கள் கொடுப்பதுதான். இப்படிப் பொறுப்பேற்றவர்களிலேயே பெரியது மார்மன் சபை. 1913-இலிருந்து தங்கள் பையன்களைச் சபை வழியாகவே ஸ்கவுட்டில் சேர்த்துவந்தார்கள். 2018 மே மாதம் விலகப்போவதாக அறிவித்து, 2019 டிசம்பர் 31-உடன் உறவை முடித்துக்கொண்டார்கள். ஒரே நாளில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் கணக்கிலிருந்து போனார்கள். எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் அமெரிக்காவுக்கு வெளியே இருக்கிறார்கள், எல்லா நாட்டுக்கும் பொதுவாக ஒரே திட்டம் வேண்டும் என்று சபை காரணம் சொன்னது. ஆனால் 2015-இல் ஓரினச்சேர்க்கையாளர்கள் தலைவர்களாக இருக்கலாம் என்று இயக்கம் விதியை மாற்றியபோதே சபை தன் வருத்தத்தை வெளிப்படையாகச் சொல்லியிருந்தது.

ஓரினச்சேர்க்கையாளர்கள் பற்றிய விதியால் இரண்டு பக்கத்து ஆட்களும் போனார்கள். ஓரினச்சேர்க்கையாளர் என்பதற்காக ஒருவரை நீக்கும் உரிமை இயக்கத்துக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அது எங்கள் நியூ ஜெர்சியிலிருந்து போன வழக்கு. அந்தத் தீர்ப்புக்காகவே மகனைச் சேர்க்காத அப்பாக்களை எனக்குத் தெரியும். பிறகு 2013-இல் பையன்களுக்கும் 2015-இல் பெரியவர்களுக்கும் கதவு திறந்தபோது மறுபக்கத்துக் குடும்பங்கள் வெளியேறின. முன்னால் போனவர்கள் திரும்பி வரவில்லை.

இரண்டாவது அடி பாலியல் கொடுமை வழக்குகள். 2020 பிப்ரவரி 18 அன்று இயக்கம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. என் மகனும் அவன் தோழர்களும் கப் ஸ்கவுட்டிலிருந்து பெரிய பையன்களின் ட்ரூப்புக்கு மாறும் விழா அந்த மாதக் கடைசியில்தான் நடந்தது. ஒரு சின்ன மரப்பாலம் வைத்திருப்போம். இந்தப் பக்கம் நீலச் சட்டையோடு ஏறி அந்தப் பக்கம் இறங்குவார்கள். அன்றைக்குப் பாலத்துக்கு அருகில் நின்ற பெற்றோர் தங்களுக்குள் பேசிக்கொண்டது முழுக்க அந்தச் செய்திதான்.

அந்த ஆண்டு நவம்பருக்குள், சிறுவயதில் தங்களுக்குக் கொடுமை நடந்தது என்று 82,000-க்கும் மேற்பட்டவர்கள் மனு கொடுத்தார்கள். 246 கோடி டாலர் இழப்பீட்டுத் திட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இதில் என்னால் பொறுக்க முடியாதது பணக் கணக்கு இல்லை. யாரிடம் பிள்ளையை விடக் கூடாது என்பதற்கு இயக்கம் பல பத்தாண்டுகளாக உள்ளுக்குள்ளேயே கோப்பு வைத்திருந்தது. 1965 முதல் 1985 வரையிலான 1,200-க்கும் மேற்பட்ட கோப்புகள் ஒரிகன் மாநில நீதிமன்ற உத்தரவால் 2012-இல் வெளியே வந்தன. பலவற்றில் காவல்துறைக்குத் தகவலே போகவில்லை. பிள்ளையைப் பெற்ற வீட்டுக்குச் சொல்லாமல் அலமாரியில் பூட்டி வைத்தார்கள். இதைப் படித்துவிட்டு ஒரு தாய் தன் மகனைச் சேர்க்க மாட்டேன் என்றால், அவரிடம் வாதாட எனக்கு வாய் வராது.

மூன்றாவது கொரோனா. அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கூடிச் செய்கிற வேலையைக் கூடாமல் செய்ய முடியாது. இந்த வழக்குகளோடு சம்பந்தமே இல்லாத தனி அமைப்பான கேர்ள் ஸ்கவுட்ஸும் அந்த ஒரு வருடத்தில் 30 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பிள்ளைகளை இழந்தது.

சரி, இந்த மூன்றோடு முடிந்ததா என்றால் இல்லை. 2016 செப்டம்பரில் என் மகன் இரண்டாம் வகுப்பில் சேர்ந்தபோது எங்கள் டென்னில் பதினோரு பையன்கள். மூன்று வருடத்தில், மேலே சொன்ன திவாலும் கொரோனாவும் வருவதற்கு முன்பே, அவர்கள் ஐந்து பேராகிவிட்டார்கள். போன ஆறு பேரில் ஒருவன்கூடப் பிடிக்காமல் போகவில்லை. ஒருவனுக்கு வெளியூர் ஆட்டங்களுக்குப் போகும் கால்பந்து அணியில் இடம் கிடைத்தது. இருவருக்கு அதே நேரத்தில் குமான் கணக்கு வகுப்பு. ஒருவனின் அம்மா அப்பா இருவருக்கும் சனிக்கிழமையும் வேலை.

கால்பந்துக்குப் பணம் கட்டினால் பயிற்சியாளர் பார்த்துக்கொள்வார். பிள்ளையை இறக்கிவிட்டுக் கடைக்குப் போய் வரலாம். கப் ஸ்கவுட் அப்படி நடக்காது. யாராவது ஒரு அம்மாவோ அப்பாவோ டென் லீடராக வேண்டும், இன்னொருவர் கூட நிற்க வேண்டும். எந்தக் கூட்டத்திலும் 21 வயதுக்கு மேற்பட்ட இரண்டு பெரியவர்கள் இருந்தே ஆக வேண்டும், ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கவே கூடாது என்பது விதி. அத்தனை கொடுமைக்குப் பிறகு இந்த விதி கட்டாயம் வேண்டும். இதில் ஒரு துளிகூடத் தளர்த்தக் கூடாது. ஆனால் ஒரு ஆளே கிடைக்காத ஊரில் இரண்டு ஆள் தேட வேண்டியிருக்கிறது. செய்திகளைப் படித்த ஆண்கள் பலர், நமக்கு எதற்கு வம்பு என்று முன்வரவும் தயங்குகிறார்கள்.

பிள்ளைகளுக்கு ஆசை இருக்கிறது என்பதற்கு பிரிட்டனைப் பார்க்கலாம். அங்கே ஸ்கவுட்டில் சேரக் காத்திருப்போர் பட்டியலில் ஏறக்குறைய ஒரு லட்சம் பிள்ளைகள். இடம் கொடுக்கத் தன்னார்வலர்கள் போதவில்லை.

இன்னொன்று, பிள்ளைகளுக்குக் காடு அலுத்துவிட்டது என்று நினைத்து இயக்கமே ஒரு முறை தன்னை மாற்றிப் பார்த்திருக்கிறது. 1972-இல் நகரத்துப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி என்று பாடத்திட்டத்தைத் திருத்தி, முகாம், சமையல், முடிச்சு எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளினார்கள். பிள்ளைகள் லட்சக்கணக்கில் போனார்கள். பிள்ளைப் பிறப்பு குறைந்ததும் ஒரு காரணம்தான். கடைசியில், பழைய கையேடுகளை எழுதி ஓய்வுபெற்றிருந்த வில்லியம் ஹில்கோர்ட் திரும்ப வந்து கையேட்டை எழுதிக் கொடுத்தார். 1979-இல் வந்த அந்தப் பதிப்பில் காடு திரும்ப வந்தது.

கட்டணத்தையும் சொல்ல வேண்டும். தேசிய அளவிலான ஆண்டுக் கட்டணம் 2019-இல் 33 டாலர். 2020-இல் 60 ஆனது. 2024-இல் 85. இதற்கு மேல் உள்ளூர்க் கட்டணம், சீருடை, கோடை முகாமுக்குச் சில நூறு டாலர். இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது யோசிக்க வைக்கும் தொகை.

நம் தமிழ்க் குடும்பங்கள் தயங்குவதற்குத் தனிக் காரணம் உண்டு. கூட்டம் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடக்கிறது, உறுதிமொழியில் கடவுள் வருகிறார், அதனால் இது கிறிஸ்தவ இயக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். எந்தக் கடவுள் என்று விதி சொல்வதில்லை. இந்துக் குடும்பத்துக் கப் ஸ்கவுட்களுக்கு ‘தர்மா’ என்று ஒரு பதக்கமே இருக்கிறது. என் மகன் அதற்காகப் பாட்டியிடம் வீடியோ அழைப்பில் கதை கேட்டு எழுதினான். கடவுள் நம்பிக்கை இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் இன்றும் கதவு மூடித்தான் இருக்கிறது. அது எனக்குச் சரியாகப் படவில்லை.

2018-இலிருந்து கப் ஸ்கவுட்டிலும் 2019-இலிருந்து மேல் வகுப்புகளிலும் பெண் பிள்ளைகள் சேர்கிறார்கள். 2025 பிப்ரவரி 8 முதல் இயக்கத்தின் பெயரும் ஸ்கவுட்டிங் அமெரிக்கா என்று மாறிவிட்டது. இரண்டும் நல்ல மாற்றங்கள். என் மகளும் சேர்ந்தாள். பைன்வுட் டெர்பி என்று ஒரு போட்டி உண்டு. கையளவு மரக்கட்டையைச் செதுக்கிச் சக்கரம் மாட்டி, ஐந்து அவுன்ஸ் எடைக்குள் கார் செய்து சரிவான தடத்தில் ஓடவிட வேண்டும். காரேஜில் உட்கார்ந்து அவளும் நானும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த சனிக்கிழமைகளை நான் எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

போன செப்டம்பரில் எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் ஆள் சேர்க்கும் மாலை ஒன்று நடத்தினோம். காகித ராக்கெட் செய்து மிதித்துப் பறக்கவிடும் விளையாட்டு. பதினாறு பிள்ளைகள் வந்தார்கள். வீட்டுக்குப் போக மாட்டேன் என்று இரண்டு பேர் அழுதார்கள். பதினாறு பெற்றோரும் தாளில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதினார்கள். அப்புறம் எல்லா டென்களும் சேர்ந்த பேக்கின் தலைவர், டென் லீடராக யார் வருகிறீர்கள், மாதம் இரண்டு மாலை, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், பயிற்சியை வீட்டிலிருந்தே இணையத்தில் முடித்துவிடலாம் என்று கேட்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. இரவுப் பணி பார்க்கும் ஒரு செவிலியர் அம்மா மட்டும், மாதம் ஒரு தடவை என்றால் வருகிறேன் என்று கை தூக்கினார்.

அவரையும் இன்னொரு பழைய அப்பாவையும் வைத்து ஆறு பேருக்கு ஒரு டென் போட்டோம். மீதிப் பத்துப் பெயர்களும் அந்தத் தாளில் இருக்கின்றன. ஆள் கிடைத்ததும் கூப்பிடுகிறோம் என்று சொல்லியிருந்தோம். இன்னும் கூப்பிடவில்லை.