பாலாற்று நாணல்: கேட்டதும் சொன்னதும்

ஆற்றில் வெள்ளைப் பூ கிளம்பியதிலிருந்து ஆளாளுக்கு நாணலைப் பற்றிக் கேட்கிறீர்கள். கல்லூரியில் தாவரவியல் நடத்தியவன் என்ற உரிமையில் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

காட்பாடியிலிருந்து: சார், நாணல், கோரை, விழல் எல்லாம் ஒண்ணுதானா? எங்க வீட்ல ஆளுக்கொரு பேர் சொல்றாங்க.

கோரை புல் இனமே இல்லை. தண்டை இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள். மூன்று பட்டை தட்டுப்பட்டால் பெரும்பாலும் கோரை. உருண்டையாக, கணுவோடு இருந்தால் புல். நாணல் (தாவரவியல் பெயர் சாக்கரம் ஸ்பான்டேனியம்) ஆளுயரத்தைத் தாண்டும். இலை குறுகல், நடுநரம்பு வெள்ளை, ஓரம் கையை அறுக்கும். கதிர் கிளைவிட்டு, பட்டுப்போன்ற வெள்ளை மயிரோடு காற்றில் அலையும். அந்த மயிரைப் பிடித்துக்கொண்டுதான் விதை பறக்கிறது. இதோடு குழப்பிக்கொள்கிற இன்னொரு புல் இம்பெராட்டா. அது இடுப்பளவுதான், பூவும் கிளைக்காமல் நரிவால் மாதிரி ஒட்டியே நிற்கும்.

விழல்தான் வம்பு. ஊருக்கு ஊர் வேறு புல்லைச் சொல்வார்கள். என் பாட்டிக்கு, கூரைக்கு அறுக்கிற எதுவும் விழல்தான்!

ஆரணியிலிருந்து: ஐயா, அமாவாசைக்குத் தர்ப்பைன்னு குடுக்கிறது நாணலா?

இல்லை. தர்ப்பை என்பது டெஸ்மோஸ்டாக்யா பைபின்னேட்டா என்ற வேறு புல். சில இடங்களில் அதற்குப் பதில் இம்பெராட்டா வரும். பலன் குறையுமா என்று என்னிடம் கேட்காதீர்கள், அது புரோகிதர் பாடு.

திருவலத்திலிருந்து: அம்முண்டி ஆலைக்குக் கரும்பு போடறவன் நான். நாணலும் கரும்பும் சொந்தம்னு பையன் சொல்றான். நெசமா?

நிஜம்தான் தம்பி, நெருங்கிய சொந்தம். பழைய கரும்பு வகைகள் தடித்து இனிக்கும், ஆனால் நோய்க்கும் குளிருக்கும் தாங்காது. நாணலில் சர்க்கரை சொற்பம், சக்கைதான் அதிகம். ஆனால் எதற்கும் அசையாது. கோயம்புத்தூரில் 1912-இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பர், வெங்கட்ராமன் என்ற இரு விஞ்ஞானிகள் ‘வெள்ளை’ என்ற கரும்பை அங்கத்திய நாணலோடு கலந்தார்கள். அதில் பிறந்த கோ 205 என்ற ரகம் 1918-இல் பஞ்சாப் வயல்களுக்குப் போனது. பிறகு அந்தக் கலப்பினத்தைக் கரும்போடு திரும்பத் திரும்பச் சேர்த்து இனிப்பை மீட்டார்கள். இன்று நீங்கள் வெட்டுகிற கரும்பின் குரோமோசோம்களில், அதாவது மரபுக் குணங்களைச் சுமக்கிற இழைகளில், பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் நாணலுடையது. கட்டைக் கரும்பு மறுபடி துளிர்க்கிற வீரியத்திலும் அதற்குப் பங்கு உண்டு.

இன்னொரு வேடிக்கை. மனிதனுக்கு 46 குரோமோசோம் என்றால் 46தான். நாணலில் செடிக்குச் செடி 40 முதல் 128 வரை மாறும். தலச்சேரிக்காரரான ஜானகி அம்மாள் அந்த நிலையத்தில் இருந்துகொண்டு இந்தக் கணக்கையெல்லாம் ஆராய்ந்தவர். கரும்பை மக்காச்சோளத்தோடுகூடக் கலந்து பார்த்தார்.

குடியாத்தத்திலிருந்து: ஆத்தோரக் கொல்லையில நாணல் ஏறிடுச்சு. கொளுத்திடலாமா?

கொளுத்தினால் மேலே உள்ளது மட்டும் போகும், அடியிலிருந்து முன்னைவிடச் செழிப்பாக வரும். ஒரே ஒரு உழவோடு விடுவது அதைவிட மோசம். தண்டுக்கிழங்கு நறுக்குப்பட்டு, ஒவ்வொரு துண்டும் ஒரு தூராகும். சித்திரை வெயிலில் ஆழ உழுது, கிழங்கைப் பொறுக்கி வரப்பில் காயப்போடுங்கள். மறுவருடமும் செய்யவேண்டியிருக்கும். இளந்தழையை எருமை தின்னும். முற்றினால் அதுகூட முகம் திருப்பிக்கொள்ளும்.

ஆம்பூரிலிருந்து: நாணல் வேர்க் கஷாயம் நீர்க்கடுப்புக்கு நல்லதாமே? அம்மாவுக்குக் கொடுக்கலாமா?

ஆயுர்வேதத்தின் திருண பஞ்சமூலத்தில், அதாவது ஐந்து புல்வேர்களில், இதுவும் ஒன்று. அங்கே பெயர் காசம். சிறுநீர் பெருக்கும் என்பது பழைய வழக்கம். ஆனால் நீங்களாகத் தோண்டிக் கொடுக்காதீர்கள் அம்மா. உங்கள் பக்கத்து ஆற்று மணலில் தோல் பதனிடும் கழிவு எத்தனை வருடமாக ஊறியிருக்கிறது! வேர் அதையும் சேர்த்துத்தான் உறிஞ்சும். முதலில் சிறுநீர்ப் பரிசோதனை, பிறகு வைத்தியர்.

பள்ளிகொண்டாவிலிருந்து: கரையைச் சுத்தம் பண்றோம்னு ஜேசிபி வெச்சு நாணலை வாரிட்டாங்க. நல்லதா?

எனக்கு ஒப்பவில்லை. 2021 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கரையோரம் நடந்து பார்த்தேன். வேலமரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்த இடத்தில் நாணல் தூர்கள் படுத்திருந்தன. பத்து நாளில் எழுந்தும்விட்டன. வளைகிற குணம் மட்டும் காரணமில்லை, அடியில் பின்னிக் கிடக்கிற கிழங்கும் வேரும் மணலைக் கட்டிப்பிடிக்கிறது. மதகு வாயில், கால்வாய்க்குள் அடைத்தால் எடுக்கத்தான் வேண்டும். கரைச்சரிவில் இருப்பதை விட்டுவிடலாம். இதே புல் பனாமா கால்வாயோரம் காடு மீளவிடாமல் மண்டிக் கிடக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் ஆறு அதற்குப் பிறந்த வீடு, அது அயலூர்.

வேலூரிலிருந்து: மலை ஏறினா வேட்டியில குத்துதே, அதுவும் நாணலா?

அது ஊசிப்புல். விதையின் வால் ஈரம் பட்டால் முறுக்கவிழ்ந்து திருகும், அப்படியே மண்ணுக்குள் துளைத்து இறங்கும். பிடுங்கி அங்கேயே போட்டால் அதன் வேலையை நீங்கள் செய்கிறீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பில் போடுங்கள்.