பங்காளியின் கோட்டையில் முடிந்த கோமகன்

கேள்வி: மதுரைக்கு வந்தபோது நூலகத்தில் பழைய ஜெர்மானிய வரலாறு ஒன்றைப் புரட்டினேன். ‘தாடிக்காரர்’ எனப் பெயர்பெற்ற பவேரியக் கோமகன் லுட்விக் சிறையிலேயே இறந்தார் என்று ஒரு வரி இருந்தது. மூத்த வாரிசுக்கே நாடு முழுவதும் சேரும் வழக்கம் அங்கே இருந்திருந்தால், இத்தகையவர் எப்படி வீழ்ந்தார்?
– வாசகர், மேலூர்

பதில்: அந்த வழக்கம் அப்போது பவேரியாவில் இல்லை, 1506-இல்தான் அது அங்கே சட்டமாயிற்று. அதற்கு முன், நம் பக்கத்தில் கிணற்றுப் பாசன நிலத்தைப் பாகம் பிரிப்பது போலவே நாட்டையும் பிரித்துக்கொண்டார்கள். லுட்விக்கின் தந்தையும் இரண்டு சித்தப்பாக்களும் சில காலம் கூட்டாக ஆண்டுவிட்டு, 1392-இல் இங்கோல்ஸ்டாட், லாண்ட்ஸ்ஹூட், மியூனிக் என மூன்று பங்காக்கினர். லுட்விக்கின் தந்தைக்கு விழுந்த இங்கோல்ஸ்டாட் பங்கு துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது. லாண்ட்ஸ்ஹூட் பங்கோ வளமானது. மூத்தவர் வழிக்குக் குறைந்த பங்கா என்ற ஆற்றாமை லுட்விக்கை வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

தொடக்கத்தில் அவருக்கு எந்தக் குறையும் இருக்கவில்லை. தங்கை இசபெல் பிரான்சின் அரசி. அந்த அரசவையில் நெடுங்காலம் செல்வாக்கோடு இருந்த லுட்விக், அரசர் ஆறாம் சார்லஸ் அடகாகக் கொடுத்த பொன்னும் மணியும் இழைத்த கலைப்பொருள்களோடு ஊர் திரும்பினார். அவற்றுள் ஒன்றான ‘பொற்குதிரை’ இன்றும் ஆல்டோட்டிங் திருத்தலத்தில் இருக்கிறது. அடகுக்கடைகள் நிறைந்த நம் ஊரில் சொல்வதானால், மூழ்கிப்போன நகை.

இத்தனை செல்வம் இருந்தும் அவருக்கு நாவடக்கம் இருக்கவில்லை. கான்ஸ்டன்ஸ் நகரில் திருச்சபைப் பேரவை நடந்துகொண்டிருந்த 1417-இல், தம் சித்தப்பா மகனான லாண்ட்ஸ்ஹூட் ஹைன்ரிஷைச் சபையறிய இழித்துப் பேசினார். ஹைன்ரிஷ் ஆட்களோடு தெருவில் வழிமறித்துத் தாக்க, லுட்விக் படுகாயத்துடன் உயிர்தப்பினார். அதன்பின் மூண்ட போரில் மியூனிக் பங்காளிகளும் ஹைன்ரிஷ் பக்கம் நின்றனர். 1422-இல் ஆல்லிங் என்னுமிடத்தில் லுட்விக்கின் படை தோற்றது.

இருந்தாலும் அவரை முற்றாக வீழ்த்தியவர் பங்காளியல்லர், பெற்ற மகன்தான் என்பது என் கருத்து. திருமணத்துக்குப் புறம்பே பிறந்த வீலாண்டின் மீது தந்தை காட்டிய பரிவைப் பொறுக்காமல், ‘கூனர்’ எனப்பட்ட மூத்த மகன் 1438-இல் கலகம் செய்தார். வீலாண்ட் மறு ஆண்டே இறந்தும் பகை தணியவில்லை. 1443-இல் நொய்புர்கில் தந்தையைச் சிறைப்பிடித்த மகன், 1445-இல் தாமே இறந்துபோனார். கிழவருக்கு அப்போதும் விடுதலை கிட்டவில்லை. மருமகளின் தம்பியான அல்பிரெக்ட் அவரைத் தம் பிடியில் வைத்திருந்து, பின்பு பணம் பெற்றுக்கொண்டு ஹைன்ரிஷிடமே ஒப்படைத்தார்.

1447-இல் புர்க்ஹவுசன் கோட்டைச் சிறையில் லுட்விக் இறந்தார். இங்கோல்ஸ்டாட் பங்கு ஹைன்ரிஷின் லாண்ட்ஸ்ஹூட்டோடு சேர்ந்தது. தாம் அடக்கமாவதற்கென்றே அவர் 1425-இல் இங்கோல்ஸ்டாட்டில் ஒரு பெரிய தேவாலயத்தைக் கட்டத் தொடங்கி, கல்லறைக்குச் சிற்ப மாதிரியும் செய்வித்திருந்தார். மாதிரி மியூனிக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவரைப் புதைத்ததோ புர்க்ஹவுசனுக்கு அருகிலுள்ள ரைட்டன்ஹஸ்லாக் மடத்தில்.