பைத்தான் ஷெல்லில் ஸ்கிரிப்டுக்குத் தன் பெயர் ஏன் தெரிவதில்லை?

தோவாளைச் சந்தையின் பிச்சி, மல்லி விலையைக் கூட்டிப் பார்க்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறீர்கள், டெர்மினலில் ஓட்டினால் ஒழுங்காக ஓடுகிறது, அதையே ஷெல்லில் (வரிவரியாகத் தட்டி உடனே ஓட்டிப் பார்க்கும் இடம்) ஒட்டினால் 'நேம் எரர்', அதாவது 'இந்தப் பெயரில் எதுவும் இல்லை' என்ற பிழை வருகிறது, தன் ஃபைல் பெயரை அது எப்படிக் கண்டுபிடிக்கும் என்பதுதானே கேள்வி?

இருபுறமும் இரட்டை அடிக்கோடு போட்ட 'ஃபைல்' என்ற மாறியை, ஒரு ஃபைலை எடுத்து ஓட்டும்போதுதான் பைத்தான் நிரப்புகிறது. ஷெல்லில் தட்டுவது எந்த ஃபைலிலும் இல்லை, அப்புறம் பெயர் எங்கிருந்து வரும்? ஓடும் ஸ்கிரிப்டின் பெயரை முதலில் வைத்திருக்கும் 'சிஸ்' மாட்யூலின் 'ஆர்க்வி' பட்டியலைக் கேட்டாலும் முதல் இடத்தில் இரண்டு மேற்கோள் குறிகள்தான் நிற்கும், உள்ளே ஒன்றுமில்லை. கோடை நோட்புக்காக எழுதி ஓட்டும் ஜூப்பிட்டரில் அந்தப் பட்டியலை நம்பவே வேண்டாம். கெர்னலை (பின்னால் இருந்து கோடை ஓட்டும் பைத்தான்) தொடங்கிய ஃபைலின் பாதையைத்தான் அது தரும், நோட்புக்கின் பெயரை அல்ல. நாகர்கோவிலில் ஒரு மதியம் முழுக்க அந்தப் பாதையில் என் சிஎஸ்வி டேட்டா ஃபைலைத் தேடியிருக்கிறேன்.

ஃபைலைப் படித்து, எழுத்துகளைக் கோடாக ஓட்டும் 'எக்ஸெக்' ஃபங்ஷனிடம் கொடுத்தாலும் பெயர் வராது, ஏனென்றால் அதற்குப் போய்ச் சேர்வது வெறும் எழுத்துகள். 'ரன்பை' மாட்யூலில் உள்ள 'ரன் பாத்' ஃபங்ஷனுக்கு (நடுவில் ஒரு அடிக்கோடு) ஃபைல் பெயரைக் கொடுங்கள். அந்த மாறியை அதுவே வைத்துவிடும், திரும்பி வரும் டிக்‌ஷனரியில் உங்கள் மாறிகள் எல்லாம் இருக்கும், ஷெல்லிலேயே எடுத்துப் பார்க்கலாம். எனக்குப் பிடித்த வழி இதுதான். கூடுதல் வசதிகள் கொண்ட ஐபைத்தான் ஷெல் என்றால் சதவீதக் குறியோடு 'ரன்' போதும்.

பக்கத்து ஃபைலைத் திறக்கத்தான் பெயர் வேண்டுமா? சரி, ட்ரை-எக்ஸெப்ட் எழுதி, 'நேம் எரர்' வந்தால் 'பாத்லிப்' மாட்யூல் தரும் தற்போதைய ஃபோல்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஷெல்லை அதே ஃபோல்டரில் இருந்து திறந்திருக்க வேண்டும்.