'வகுப்பு நிகர் 7.4' என்றால் ஏழாம் வகுப்புக்குத் தயார் என்று அர்த்தமா?

உங்கள் எட்டு வயது மகளின் அடைவுத் தேர்வு (இதுவரை கற்றதை அளக்கும் தேர்வு) அறிக்கையை முழுக்கப் படித்தேன். நீங்கள் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறீர்கள். கணிதச் சிந்தனையில் 'வகுப்பு நிகர் 7.4' என்று போட்டிருக்கிறதே, மூன்றாம் வகுப்பிலிருந்து இரண்டு மூன்று வகுப்பு தள்ளிச் சேர்க்கலாமா? இவ்வளவு கெட்டிக்காரப் பெண்ணுக்குக் கணக்கு வேகத்தில் மட்டும் ஏன் 104? அந்த 7.4-ஐ மட்டும் நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். எனக்கு முக்கியமாகப் படுவது 104தான்.

ஏழாம் வகுப்பின் நான்காவது மாதத்தில் இருக்கும் சராசரி மாணவர் இதே தேர்வை எழுதினால் எவ்வளவு வாங்குவாரோ, அவ்வளவு உங்கள் மகள் வாங்கியிருக்கிறாள். 7.4 சொல்வது அவ்வளவுதான். தனக்குத் தெரிந்த பகுதிகளைப் பிழையில்லாமல் போட்டதாலேயே இந்த எண் ஏறியிருக்கலாம். ஏழாம் வகுப்புப் பாடமான இயற்கணிதம் அவள் கண்ணில் பட்டிருக்கவே வேண்டியதில்லை. அறிக்கையில் பெற்றோரை அதிகம் குழப்புவது இந்தப் பத்திதான். நான் அதைக் கடைசியாகத்தான் பார்ப்பேன்.

முதலில் பார்க்க வேண்டியது திட்ட மதிப்பெண், அதாவது மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுத் தரும் எண். இதில் சராசரி 100, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகும் என்ற அளவு) 15. ஒரே வயதுப் பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினர் 85-க்கும் 115-க்கும் நடுவில் இருப்பார்கள். 130 வாங்கினால் அது 98-ஆவது சதமானம். சதமானத்தைச் சதவீதம் என்று படித்துவிடாதீர்கள். 98 கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னாள் என்று அதற்குப் பொருள் இல்லை. அவள் வயதுப் பிள்ளைகள் நூறு பேரில் சுமார் 98 பேரைவிட நன்றாகச் செய்திருக்கிறாள் என்று பொருள். சதமானத்தின் படிகள் ஒரே உயரம் உள்ளவையும் அல்ல. 50-லிருந்து 55-க்குப் போக இரண்டு திட்டப் புள்ளிகள் போதும், 95-லிருந்து 99-க்குப் போகப் பத்துப் புள்ளிகள் வேண்டும். ஒப்பீடு வயதை வைத்தா, வகுப்பை வைத்தா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், எண் மாறும்.

வாசிப்பில் 145 என்று இருக்கிறது. அதன் கீழே, கடைசிக் கேள்விகள் வரை கிட்டத்தட்ட எல்லாமே சரி என்று தேர்வாளர் எழுதியிருக்கிறார். அப்படியானால் தேர்வு அங்கே முடிந்துவிட்டது, அவளுடைய எல்லை எதுவென்று அளக்க அதில் மேலே கேள்வி இல்லை. உளவியலாளர் ஜூலியன் ஸ்டான்லி இதற்காகத்தான் 1970-களின் தொடக்கத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. தேர்வைப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சொந்த வகுப்புத் தேர்வில் உச்சியில் ஒன்றாகத் தெரிந்த பிள்ளைகள், கடினமான தேர்வில் வெகுவாகப் பிரிந்து நின்றார்கள். உங்கள் மகளுக்கும் மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கான தேர்வு ஒன்று வைத்தால்தான் வாசிப்பில் அவள் நிற்கும் இடம் தெரியும்.

இப்போது அந்த 104. கணிதச் சிந்தனை 142, கணக்கிடுதல் 128, வேகம் 104. இந்த மூன்றையும் சேர்த்து ஒரே கூட்டு மதிப்பெண்ணாகச் சொன்னால் அது இவற்றில் எதையுமே சரியாகக் காட்டாது. வேகப் பகுதி என்பது சில நிமிடங்களுக்குள் எளிய கூட்டல், கழித்தல், பெருக்கலை வரிசையாக எழுதி முடிப்பது. 104 குறைவான மதிப்பெண் அல்ல, சராசரிக்குச் சற்று மேல். ஆனால் 142-க்குப் பக்கத்தில் வைக்கும்போது காரணம் தேட வேண்டியிருக்கிறது. தேர்வாளரிடம் ஒன்றைக் கேளுங்கள்: விடை தப்பாக இருந்ததா, எழுதாமல் விட்டதா? எழுதியதெல்லாம் சரியாக இருந்து பக்கத்தின் கீழ்ப்பாதி காலியாக இருந்தால், அது கணக்குத் தெரியாமை அல்ல. ஒவ்வொரு விடையையும் சரிபார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகும் பிள்ளைகள் உண்டு. '7+8' முடித்த கையோடு '8+7' வந்ததும் 'இது முன்னாடியே வந்துச்சே' என்று நின்று யோசிக்கும் பிள்ளைகளும் உண்டு. இவர்களை அவசரப்படுத்தி ஒன்றும் ஆகப்போவதில்லை.

இன்னொரு சாத்தியத்தையும் விடாமல் பார்க்க வேண்டும். எழுத்து வெளிப்பாட்டில் 106 என்று இருக்கிறது. வாய்விட்டுச் சொன்ன பகுதிகள் எல்லாம் உயரத்தில், வேகமாகவோ நிறையவோ எழுத வேண்டியிருந்த பகுதிகள் நடுவில். வீட்டில் எழுதும்போது கை வலிக்கிறது என்கிறாளா? நாலு வரிக்கு நாலு தடவை அழிக்கிறாளா? வாயால் பெரிய கதை சொல்லிவிட்டு, எழுதச் சொன்னால் மூன்று வாக்கியத்தில் முடிக்கிறாளா? இவற்றில் ஒன்றிரண்டு இருந்தாலே எழுதும் திறனைத் தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். மீத்திறன் உள்ள பிள்ளையிடம் இப்படி ஒரு சிரமம் இருந்தால் திறமை அதை மூடிவிடும், சிரமமும் திறமையைக் கீழே இழுக்கும். பள்ளிக்கு 'பரவாயில்லை, நன்றாகத்தான் படிக்கிறாள்' என்று மட்டும் தெரியும். பிள்ளை மட்டும் உள்ளுக்குள் 'நான் சோம்பேறி' என்று நம்ப ஆரம்பித்திருக்கும். எனக்கு உண்மையிலேயே கவலை தருவது அதுதான்.

சரி, மேல் வகுப்பு விஷயம். இப்போதைக்குக் கணக்கில் மட்டும் முன்னே போகச் சொல்லிக் கேளுங்கள். நாலாம், ஐந்தாம் வகுப்பின் ஆண்டு இறுதித் தேர்வுகளைப் போடச் சொல்லி, எங்கே தடுமாறுகிறாளோ அங்கிருந்து தொடங்கலாம். 'வேகம் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று பள்ளி சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வேகத்துக்காகச் சிந்தனையைக் காக்க வைக்கக் கூடாது. கூடுதல் வேலை என்ற பெயரில் அதே மாதிரிக் கணக்கை முப்பது தடவை கொடுப்பதையும் ஏற்காதீர்கள். முழு வகுப்பையும் தாண்டுவதற்கு நுண்ணறிவுத் தேர்வு, மேல் வகுப்பின் எழுத்து வேலை, அவளுடைய சொந்த விருப்பம் எல்லாம் பார்க்க வேண்டும். எழுத்துச் சோதனை முடியும் வரை அதைத் தள்ளி வைக்கலாம்.

அடுத்த ஆண்டு 142 என்பது 137 ஆனால் பதறாதீர்கள். எந்த மதிப்பெண்ணும் ஒற்றைப் புள்ளி அல்ல, அதைச் சுற்றி ஒரு வீச்சு உண்டு. அறிக்கையில் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். இந்த எண்களை வைத்து அவள் என்ன வேலைக்குப் போவாள் என்று இப்போதே கணக்குப் போடவும் வேண்டாம். இதுவரை என்ன கற்றிருக்கிறாள் என்பதை மட்டும்தான் இந்தத் தேர்வு அளக்கிறது.

பள்ளிக்குப் பேசப் போகும்போது அறிக்கையோடு அவளுடைய கணக்கு நோட்டையும், அவள் எழுதிய ஒரு பக்கத்தையும், அவள் வாயால் சொல்லி நீங்கள் எழுதிய ஒரு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். பேச்சை அந்த இரண்டு பக்கங்களிலிருந்து தொடங்குங்கள்.