இசையால் திரளும் நிதியும் பெண்களுக்கான நுண்கடனும்: கேள்வி பதில்

இசை நிகழ்ச்சிகள் வழியே நிதி திரட்டி, வறுமையில் வாழும் பெண்களுக்கான நுண்கடன் (மிகச் சிறிய தொகைக் கடன்) திட்டங்களுக்கு உதவ விரும்பும் கலைஞர்களும் அமைப்பாளர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நுண்கடன் நிறுவனங்களின் கணக்குகளை ஆராய்வதும், நிதி திரட்டும் கலை நிகழ்ச்சிகளின் வரவு செலவைச் சரிபார்ப்பதும் என் பணி. ஆகவே கேள்விகளை இரு தரப்பிலிருந்தும் பார்க்க முயன்றிருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் ஓர் இசைக்குழு. கச்சேரியில் கிடைக்கும் தொகையை நாங்களே பெண்களுக்கு வட்டியில்லாக் கடனாகக் கொடுத்து, திரும்பி வருவதை அடுத்தவர்களுக்குக் கொடுக்க நினைக்கிறோம். இது நடைமுறைக்கு ஒத்து வருமா?

வட்டி வாங்க மனம் வராதது நல்ல குணம்தான். ஆனால் சிறுகடன் கொடுப்பது செலவு மிகுந்த வேலை. நூறு பேருக்குச் சிறுசிறு தொகையாகக் கொடுத்து வாரந்தோறும் வசூலிப்பதற்கும், ஒருவருக்கே பெருந்தொகை கொடுப்பதற்கும் ஆகும் உழைப்பு ஒன்றல்ல. உங்கள் சுழல்நிதியில் ஆண்டுக்கு 15 சதவீதம் நிர்வாகத்துக்குச் செலவாகிறது, 5 சதவீதம் வராக்கடனாகிறது என்று வைத்துக்கொள்வோம். வட்டி வருமானம் இல்லாததால் இந்த 20 சதவீதமும் மூலதனத்திலிருந்தே கழியும். 100 ஆகத் தொடங்கிய நிதி ஐந்தாம் ஆண்டு முடிவில் சுமார் 33 ஆகச் சுருங்கிவிடும். விலைவாசி உயர்வை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் உண்டு. பாடகர் ஒருவரின் பெயரில் பணம் வருகிறது என்று தெரிந்தால், பெறுபவர்களில் சிலர் அதைக் கொடையாகவே எடுத்துக்கொள்வார்கள். அது அவர்கள் குற்றமன்று; மேடையில் நாம் அப்படித்தான் பேசியிருப்போம். ஒருவர் கட்டாமல் இருக்க மற்றவர் கட்டும்போது கடன் பெற்றவர்களுக்குள் மனக்கசப்பு வளர்கிறது. மேலும், பல நாடுகளில் கடன் கொடுப்பதற்கு உரிமமோ பதிவோ தேவை.

கச்சேரிப் பணத்தின் தனிச்சிறப்பு, அதை யாருக்கும் திருப்பித் தர வேண்டியதில்லை என்பதே. வங்கியிலிருந்தோ முதலீட்டாளரிடமிருந்தோ வரும் பணத்துக்கு இந்தச் சுதந்திரம் கிடையாது. எனவே கடனுக்கு மூலதனம் தேடித் தருவதைவிட, கடன் மூலதனத்தால் செய்ய முடியாத பணிகளுக்கே இந்தப் பணத்தை ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கணக்குப் பயிற்சி, சேமிப்புக் குழுக்களை உருவாக்குவது, நோயும் மரணமும் நேரும்போது கடனைத் தள்ளுபடி செய்வதற்கான நிதி, இழப்புக்கான காப்பு நிதி ஆகியவை அத்தகையவை. கடைசியாகச் சொன்னதன் பலம் பலருக்குத் தெரிவதில்லை. மொத்தக் கடனில் முதல் 10 சதவீத இழப்பை நாங்கள் ஏற்கிறோம் என்று 10 இலட்சத்தைக் காப்பாக வைத்தால், வங்கி தன் பணத்திலிருந்து ஒரு கோடி வரை கடன் கொடுக்க முன்வர அது வழி செய்யலாம்.

கேள்வி: நுண்கடன் உண்மையிலேயே வறுமையைப் போக்குகிறதா? ஆம் என்று மேடையில் சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

உங்கள் தயக்கம் நியாயமானது. 1976இல் வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் பொருளியல் பேராசிரியர் முகம்மது யூனுஸ் தம் கைப்பணத்திலிருந்து 42 பேருக்குக் கொடுத்த சிறுகடனிலிருந்து கிராமீன் வங்கி வளர்ந்தது. 1983இல் அது முறையான வங்கியானது. 2006இல் அவருக்கும் வங்கிக்கும் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்த வரலாறு உலகெங்கும் மிகப் பெரிய எதிர்பார்ப்பை எழுப்பியது. பின்னர், போஸ்னியா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ ஆகிய ஆறு நாடுகளில் கடன் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டு நடந்த ஆய்வுகள் 2015இல் ஒன்றாக வெளிவந்தன. தொழிலை விரிவாக்கவும் செலவுகளைத் தம் விருப்பப்படி திட்டமிடவும் கடன் சிலருக்கு உதவியது என்பதை அவை காட்டின. ஆனால் சராசரிக் குடும்பத்தின் வருமானம் வாழ்வையே மாற்றும் அளவுக்கு உயர்ந்ததாக அவை காட்டவில்லை.

அதே 2015இல் வெளியான மற்றோர் ஆய்வு நமக்கு இன்னும் முக்கியமானது. வங்கதேசத்தின் பிராக் அமைப்பு 2002இல் தொடங்கிய திட்டம் ஒன்று, மிக வறிய குடும்பங்களுக்குக் கடனுக்குப் பதிலாக ஆடு, மாடு போன்ற உடைமை ஒன்றை இலவசமாகக் கொடுத்து, சில மாதங்களுக்கு உணவுச் செலவுக்கும் உதவி, பயிற்சியும் சேமிப்புப் பழக்கமும் தந்து, தொடர்ந்து வீடு தேடிச் சென்று வழிகாட்டியது. இதே முறையை எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் சோதித்தபோது, திட்டம் முடிந்து ஓராண்டு கழித்தும் குடும்பங்களின் நுகர்வும் உடைமையும் மேம்பட்டே இருந்தன.

இதிலிருந்து நான் பெறும் முடிவு இதுதான்: அன்றாட உணவுக்கே வழியில்லாத பெண்ணுக்கு முதலில் தேவைப்படுவது கடனன்று, கொடை. கடன் அதற்குப் பிறகு, அவள் கேட்கும்போது வரட்டும். இசை நிகழ்ச்சி திரட்டுவது கொடைப் பணம் என்பதால் அந்த முதற்படிக்கு அது மிகவும் பொருந்தும். மேடையில் "வறுமையை ஒழிக்கிறோம்" என்று சொல்ல வேண்டாம். எத்தனை பெண்களுக்கு என்ன கிடைக்கும் என்று மட்டும் சொல்லுங்கள்; அவையினர் அதையும் மதிப்பார்கள்.

கேள்வி: நாங்கள் தேர்ந்தெடுத்த நிறுவனம் "வெறும் 12 சதவீத வட்டி" என்கிறது. நம்பலாமா?

அந்த 12 சதவீதம் எதன் மேல் கணக்கிடப்படுகிறது என்று கேளுங்கள். 12,000 கடனை 12 மாதத் தவணையில் கட்டும் ஒரு பெண்ணிடம், முழு அசலின் மீதும் 12 சதவீதம் போட்டால் வட்டி 1,440. மாதத் தவணை 1,120. ஆனால் அந்த 12,000 ஆண்டு முழுவதும் அவள் கையில் இருப்பதில்லை. மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வருவதால், குறையும் நிலுவையின் மீது கணக்கிட்டால் உண்மையான வட்டி ஆண்டுக்கு 21 சதவீதத்துக்கும் மேல். விண்ணப்பக் கட்டணம், கட்டாயக் காப்பீடு, தொடக்கத்திலேயே பிடித்துவைக்கும் கட்டாயச் சேமிப்பு ஆகியவற்றையும் சேர்த்தால் அது இன்னும் ஏறும். எல்லாக் கட்டணங்களும் அடங்கிய ஆண்டு விகிதத்தை எழுத்தில் தர மறுக்கும் நிறுவனத்துக்காகப் பாடாதீர்கள்.

வசூல் முறையையும் விசாரியுங்கள். 2007இல் மெக்சிகோவின் கம்பார்த்தமோஸ் வங்கி பங்குச் சந்தைக்கு வந்தபோது, ஏழைப் பெண்களிடம் வாங்கிய உயர்ந்த வட்டியிலிருந்து முதலீட்டாளர்கள் பெருலாபம் அடைந்தது உலகளவில் கடும் விவாதமானது. 2010இல் ஆந்திரப் பிரதேசத்தில் பலரிடம் ஒரே நேரத்தில் வாங்கிய கடன்களும் வசூல் நெருக்கடியும் தற்கொலைச் செய்திகளும் அரசையே அவசரச் சட்டம் கொண்டுவர வைத்தன. குழுவாகக் கடன் வாங்கிய பெண்களில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்ற கூட்டுப் பொறுப்பு எங்கே அவமதிப்பாக மாறுகிறது என்பதை, அலுவலகத்தில் கேட்பதைவிடக் குழுவை விட்டு விலகிய பெண்களிடம் கேட்டால்தான் தெரியும்.

கேள்வி: கச்சேரி நடத்துவதா, ஒரு பாடலைப் பதிவு செய்து அதன் வருமானத்தைக் கொடுப்பதா?

பெரும்பாலோருக்குக் கச்சேரியே சிறந்தது. இணையத்தில் ஒரு முறை கேட்கப்படும் பாடலுக்குக் கிடைக்கும் தொகை மிகச் சிறியது. அதையும் இசையமைப்பாளர், பாடலாசிரியர், ஒலிப்பதிவின் உரிமையாளர், விநியோகிப்பவர் எனப் பலர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். பாடகர் மட்டும் தம் பங்கை விட்டுக்கொடுத்தால் போதாது. ஆனால் பாடல் பெரும்புகழ் பெற்றுவிட்டால் நிலை வேறு. 1979 ஜனவரியில் ஐ.நா. பொதுச்சபை அரங்கில் குழந்தைகளுக்கான யூனிசெஃப் அமைப்புக்காக நடந்த இசைவிழாவையொட்டி, ஸ்வீடனின் ‘அப்பா’ (ABBA) இசைக்குழு தன் பாடல் ஒன்றின் உரிமத்தொகையில் பாதியை அந்த அமைப்புக்கு எழுதிக் கொடுத்தது. அன்றைய விழா முடிந்து பல பத்தாண்டுகள் கழித்தும் அந்த வருவாய் தொடர்ந்தது. நீங்களும் அவ்வாறு செய்வதாக இருந்தால், எந்த உரிமை, எத்தனை சதவீதம், எவ்வளவு காலம், கணக்கைச் சரிபார்க்கும் அதிகாரம் யாருக்கு என்பவற்றைப் பதிவுக்கு முன்பே எல்லா உரிமையாளர்களும் கையெழுத்திட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: தேதி குறித்துவிட்டோம். நிதியைப் பெறும் அமைப்பைப் பிறகு தேடிக்கொள்ளலாமா?

கூடாது. 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கில் சிதார் கலைஞர் ரவி சங்கரும் பீட்டில்ஸ் இசைக்குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசனும் வங்கதேச அகதிகளுக்காக நடத்திய நிகழ்ச்சியின் நுழைவுச்சீட்டு வருவாயான சுமார் 2,43,000 டாலர் விரைவில் யூனிசெஃப் கைக்குச் சென்றது. ஆனால் நிகழ்ச்சிக்கு முன்பே தொண்டு நிகழ்ச்சியாக முறைப்படி ஏற்பாடு செய்யப்படாததால், இசைத்தட்டிலிருந்தும் திரைப்படத்திலிருந்தும் வந்த பெருந்தொகை வரிச் சிக்கலில் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. பெறும் அமைப்போடு ஒப்பந்தம் எழுதிய பிறகே சுவரொட்டி அச்சிடுங்கள்.

கேள்வி: கடன் பெற்ற ஒரு பெண்ணை மேடையில் ஏற்றித் தன் துயரக் கதையைச் சொல்லச் சொன்னால் நிதி அதிகம் வரும் என்கிறார்கள். நான் பாடகி, எனக்கு மனம் ஒப்பவில்லை.

உங்கள் மனம் சரியாகவே சொல்கிறது. கடன் பெற்றவர், கடன் கொடுத்த நிறுவனம் அழைக்கும்போது மறுக்கக்கூடிய நிலையில் இல்லை. அந்தச் சம்மதத்தைச் சம்மதமாகக் கொள்ள இயலாது. மேலும், தன் கடன்நிலையும் வீட்டுச் சண்டையும் ஊரறியச் சொல்லப்பட்ட பிறகு அவள் திரும்பிப் போக வேண்டியது அதே தெருவுக்குத்தான். தன் தொழிலைப் பற்றிப் பேச அவளே விரும்பி முன்வந்தால் மேடை கொடுங்கள், அதற்கு உரிய ஊதியமும் கொடுங்கள். அன்றைய மேடையில் ஊதியம் பெறாமல் பேசுபவர் அவர் ஒருவராக மட்டும் இருக்கக் கூடாது.

கேள்வி: நான் மேடைக் கலைஞர். ஒலிபெருக்கிக் கருவிகள் வாங்க நுண்கடன் வாங்கலாமா? வாரத் தவணை என்கிறார்கள்.

உங்கள் வருமானம் வாரந்தோறும் வருவதா என்பதே முதற்கேள்வி. நிகழ்ச்சிகள் சில மாதங்களில் குவிந்து, மற்ற மாதங்களில் இல்லாமல் போகும் தொழிலுக்கு வாரத் தவணை பொருந்தாது. தவணைக்காக வேறொரு கடன் வாங்கும் நிலை அங்கேதான் தொடங்குகிறது. முதல் தவணைக்கு இரண்டு மாத அவகாசம் கொடுத்துப் பார்த்த கொல்கத்தா ஆய்வொன்று 2013இல் வெளியானது. அவகாசம் பெற்ற பெண்கள் தொழிலில் கூடுதலாக முதலீடு செய்தனர், நாளடைவில் லாபமும் உயர்ந்தது. ஆனால் கடனைக் கட்டத் தவறியவர்களும் அதிகரித்தனர். நிறுவனங்கள் அவகாசம் கொடுக்கத் தயங்குவது இதனால்தான். இசைக்குழுக்கள் திரட்டும் காப்பு நிதி அந்தக் கூடுதல் இழப்பை ஏற்றுக்கொண்டால், உங்களைப் போன்றவர்களுக்குப் பருவத்துக்கேற்ற தவணையைக் கேட்டுப் பெற முடியும். அதுவரை, கருவியை வாடகைக்கு எடுத்து, கிடைக்கும் நிகழ்ச்சிகளைக் கணக்கெழுதிப் பாருங்கள்.

கேள்வி: நிதி திரட்டுவதைத் தவிர இசைக்கு வேறு பயன் இல்லையா?

உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத பெண்களின் சேமிப்புக் குழுவில், விதிகளும் முந்தைய கூட்டத்து இருப்புத் தொகையும் நினைவில்தான் நிற்க வேண்டும். 1991இல் மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜரில் கேர் (CARE) தொண்டு அமைப்பு உருவாக்கிய சேமிப்புக் குழு முறையில், பெண்கள் தங்கள் பணத்தையே சேர்த்துத் தங்களுக்குள் கடன் கொடுத்து, ஆண்டிறுதியில் வட்டியோடு பிரித்துக்கொள்கிறார்கள். வட்டி குழுவை விட்டு வெளியே போவதில்லை. இத்தகைய குழுவுக்கு வெளிப்பணத்தை மூலதனமாகக் கொட்டுவது அதைக் கெடுத்துவிடும். பூட்டுப்பெட்டி, கணக்கேடு, பயிற்சியாளர் ஊதியம், விதிகளையும் வட்டிக் கணக்கையும் அவர்கள் மெட்டிலேயே அமைத்த பாடல்கள் ஆகியவையே அங்கே தேவை. பாடல்களை அந்தப் பெண்களே கட்டட்டும். நீங்கள் மெட்டமைக்க உதவுங்கள்.

கேள்வி: நன்கொடைக்குப் பதிலாக, அவையினரே இணையம் வழியே கடன் கொடுக்கலாமே?

கொடுக்கலாம். 2005இல் தொடங்கிய கீவா (Kiva) இணையதளத்தில் 25 டாலர் முதல் கொடுக்க முடிகிறது; கொடுப்பவர் வட்டி பெறுவதில்லை. ஆனால் களத்தில் உள்ள கூட்டாளி நிறுவனங்கள் பொதுவாகப் பெண்களிடம் வட்டி வாங்குகின்றன என்பதை அவையினருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

கேள்வி: நிகழ்ச்சி முடிந்த பிறகு அவையினருக்கு எதைத் தெரிவிக்க வேண்டும்?

இரண்டு முறை தெரிவியுங்கள். ஒரு மாதத்துக்குள் மொத்த வரவு, அரங்கம், ஒலி, ஒளி, பயணம், இசை உரிமக் கட்டணம் ஆகிய செலவுகள், நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்த நிகரத் தொகை ஆகியவற்றை வெளியிடுங்கள். செலவுகளை ஒரு புரவலர் ஏற்றிருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். ஓராண்டு கழித்து, அந்தத் தொகை எந்தப் பணிக்குச் செலவானது, எத்தனை பெண்கள் தொடர்ந்தனர், எத்தனை பேர் விலகினர், விலகியவர்கள் சொன்ன காரணம் என்ன என்பதை எழுதுங்கள். விலகியவர்களின் எண்ணிக்கையை நிறுவனம் தரத் தயங்கினால், அடுத்த நிகழ்ச்சியின் ஒப்பந்தத்திலேயே அதை ஒரு நிபந்தனையாகச் சேர்த்துவிடுங்கள்.