லீவ்ஸ் ஆட்டத்துக்குக் குடும்பமாகப் போவது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகனுக்கு 10 வயது. ரொறன்ரோவின் ஐஸ் ஹொக்கி அணியான மேப்பிள் லீவ்ஸ் என்றால் அவனுக்கு உயிர். நாங்கள் நான்கு பேர். சனிக்கிழமை ஆட்டம் ஒன்றுக்கு விலை பார்த்தோம், தலை சுற்றியது. உண்மையிலேயே அவ்வளவு கொடுத்தாக வேண்டுமா? (ஸ்காபரோ வாசகி)

பதில்: வேண்டாம். நீங்கள் பார்த்தது ஆண்டின் மிக விலை கூடிய நாட்களில் ஒன்றாக இருக்கும். லீவ்ஸ் ரிக்கெற்றுக்கு ஒரே நிலையான விலை கிடையாது. எந்தக் கிழமை, எதிரே எந்த அணி என்பதைப் பார்த்து அணியே விலையை ஏற்றி இறக்குகிறது. சனிக்கிழமை இரவு மொன்றியல் வந்தால் உச்சம். அதே இருக்கை, திங்களோ செவ்வாயோ, தொலைவில் இருந்து வரும் பெயர் பெறாத அணி ஒன்றுடன் என்றால் பல மடங்கு இறங்கிவிடும். செப்டெம்பரில், பருவம் தொடங்குமுன் நடக்கும் முன்னோட்ட ஆட்டங்கள் இன்னும் மலிவு. ஆனால் அவற்றில் நட்சத்திர வீரர்கள் பலர் இறங்க மாட்டார்கள். மகன் நட்சத்திர வீரர் மத்தியூஸைத்தான் பார்க்க வேண்டும் என்று நிற்கிறான் என்றால் அது ஏமாற்றமாகிவிடும்.

இருக்கை விஷயத்தில் என் கருத்து உறுதியானது: முதன்முறை போகிறவர்கள் மேல்தட்டில், அதாவது 300 என்று தொடங்கும் பகுதிகளில், உட்காருங்கள். கண்ணாடியை ஒட்டிய முதல் வரிசைகளில் வீரர்கள் மோதும் சத்தம் நெஞ்சில் அதிரும், சரி. ஆனால் மறுமுனையில் நடப்பது பாதி தெரியாது. மேலிருந்து பார்த்தால்தான் ஐந்து பேரும் எப்படி இடம் மாறுகிறார்கள், பக் (அவர்கள் அடிக்கும் வட்டு) எங்கே போகிறது என்பதெல்லாம் பிள்ளைக்குப் புரியும். கோலுக்குப் பின்புற இருக்கைகளின் முன்னே வலை தொங்கும். 2002இல் கொலம்பஸ் நகரில் பக் பட்டு ஒரு சிறுமி இறந்த பிறகு எல்லா அரங்குகளுக்கும் கட்டாயமாக்கப்பட்டது அது. சிறிது நேரத்தில் கண் பழகிவிடும்.

காரில் போகாதீர்கள். நகர மையத்தில் தரிப்பிடக் கட்டணமே இன்னொரு செலவாகிவிடும். கெனடியிலோ அஜின்கோர்ட்டிலோ கோ ரயில் ஏறினால் யூனியன் நிலையம். அங்கிருந்து வெளிக்குளிர் படாமலே ஸ்கோஷியாபாங்க் அரங்குக்குள் நடந்துவிடலாம். திரும்பும் ரயிலின் நேரத்தை மட்டும் முன்கூட்டியே பார்த்து வையுங்கள். ஆட்டம் தலா 20 நிமிடம் மூன்று பகுதி, நடுவில் இரண்டு இடைவேளை. எல்லாம் சேர்த்து இரண்டரை மணி நேரம் ஆகும்.

இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். எக்ஸிபிஷன் பிளேஸில் உள்ள கொக்கா கோலா கொலிசியத்தில் மார்லீஸ் ஆடுகிறார்கள். லீவ்ஸுக்கு அடுத்த நிலை அணி, 2018இல் தங்கள் லீக்கின் கால்டர் கிண்ணம் வென்றவர்கள். அரங்கு சிறியது, எங்கே இருந்தாலும் கிட்ட இருப்பதுபோல் இருக்கும். பெண்களின் தொழில்முறை அணியான செப்டர்ஸும் அதே இடத்தில்தான் ஆடுகிறது. நான்கு பேர் இந்த இரண்டையும் ஒவ்வொரு முறை பார்த்தாலும், லீவ்ஸின் ஒரு சனிக்கிழமைச் செலவில் மிச்சம் இருக்கும். முதலில் அங்கே கூட்டிப் போங்கள். லீவ்ஸை ஒரு செவ்வாய்க்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பேஸ்புக்கில் ஒருவர் பாதி விலைக்கு நான்கு ரிக்கெற் தருகிறேன் என்கிறார். ஸ்கிரீன்ஷொட் கூட அனுப்பிவிட்டார். ஈ-ட்ரான்ஸ்ஃபர் கேட்கிறார். நம்பலாமா? (ஏஜக்ஸ் வாசகர்)

பதில்: அனுப்பாதீர்கள். இப்போதைய ரிக்கெற் காகிதத்திலும் இல்லை, படத்திலும் இல்லை. டிக்கெற்மாஸ்டர் செயலிக்குள் மாறிக்கொண்டே இருக்கும் பார்கோட்தான் ரிக்கெற். அதன் படத்தை வாசலில் காட்டினால் உள்ளே விடமாட்டார்கள். ஒரே படத்தைப் பத்துப் பேருக்கு விற்றவர்களும் உண்டு. ஈ-ட்ரான்ஸ்ஃபரில் போன காசு மறுபக்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டவுடன் போனதுதான், வங்கி திருப்பி எடுத்துத் தராது. உண்மையான விற்பனையாளர் என்றால் ரிக்கெற்றை உங்கள் கணக்குக்கே மாற்றிவிட முடியும். அது உங்கள் செயலியில் வந்து நின்ற பிறகே காசு. அதற்குச் சம்மதிக்காதவரை விட்டுவிடுங்கள். அதிகாரபூர்வ மறுவிற்பனைப் பக்கத்தில் கிரெடிட் கார்டில் வாங்குவது கொஞ்சம் கூடத்தான், ஆனால் ஏதும் பிழையானால் கேட்க ஓர் இடம் இருக்கும்.

கேள்வி: முதலில் ஒரு விலை, கடைசிப் பக்கத்தில் இன்னொரு விலை. இது சட்டப்படி சரியா?

பதில்: சரியில்லை. கட்டணங்கள் சேர்ந்த மொத்த விலையை முன்பே காட்ட வேண்டும் என்பது ஒன்ராறியோவின் ரிக்கெற் விற்பனைச் சட்டம். மறுவிற்பனையாளர் அசல் விலையையும் காட்ட வேண்டும். இந்தப் பழக்கத்துக்காகவே 2019இல் டிக்கெற்மாஸ்டர் கனடாவின் போட்டிப் பணியகத்திடம் 40 இலட்சம் டொலர் தண்டம் கட்டச் சம்மதித்தது. விலை அமெரிக்க டொலரிலா கனேடிய டொலரிலா என்பதையும் பாருங்கள். பலர் தவறவிடுவது அதைத்தான்.

கேள்வி: 1967க்குப் பிறகு ஸ்டான்லி கிண்ணமே வெல்லாத அணிக்கு ஏன் இவ்வளவு விலை? (மார்க்கம் வாசகர்)

பதில்: நம்மவர்கள் 1983க்குப் பின் பெருமளவில் இங்கே வந்து சேர்ந்தபோதே லீவ்ஸ் வென்று பல வருடங்களாகியிருந்தன. அதனால் நம் வீடுகளில் யாருக்கும் இந்த அணியின் பொற்காலம் நேரடி நினைவில் இல்லை. ஆனால் இந்த நகரத்துக்கு இருக்கிறது. 1917இல் என்.எச்.எல். என்ற ஹொக்கி லீக் தொடங்கியதிலிருந்தே ரொறன்ரோவுக்கு அணி உண்டு. 1927இல் கொன் ஸ்மைத் அதை வாங்கி மேப்பிள் லீவ்ஸ் என்று பெயர் மாற்றினார். 1931இல், ஊரெல்லாம் வேலையில்லாத மந்த காலத்தில், மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கை ஆறு மாதத்துக்குள் எழுப்பினார்கள். தொழிலாளர்கள் கூலியில் ஒரு பங்கைப் பணத்துக்குப் பதில் கம்பனிப் பங்குகளாக வாங்கிக்கொண்டார்கள். 1942 இறுதிச் சுற்றில் டெட்ரொயிட்டிடம் முதல் மூன்று ஆட்டங்களையும் தோற்று, அடுத்த நான்கையும் வென்றார்கள். இறுதிச் சுற்றில் இதை வேறு எந்த அணியும் செய்ததில்லை. 1967இல் மொன்றியலை வென்றபோது கோல்காவலர் ஜொனி பவருக்கு 42 வயது.

அப்போது லீக்கில் ஆறே அணிகள், இப்போது 32. 2005 முதல் சம்பளத்துக்கு உச்சவரம்பும் உண்டு. எவ்வளவு பணம் சேர்ந்தாலும் நல்ல வீரர்களையெல்லாம் வாங்கிக் குவிக்க முடியாது. ஆகவே நீங்கள் இப்போது கொடுக்கும் விலை கிண்ணத்துக்கானது அல்ல. அரங்கில் சுமார் 18,800 இடங்கள், அதைப் பல மடங்கு மிஞ்சிய ஆசை. பருவகாலச் சீட்டுகள் குடும்பச் சொத்துபோல் கைமாறுகின்றன. வெல்லும்போது வாங்குவோம் என்று காத்திருந்தால் விலை இன்னும் ஏறும்.

செலவில்லாமல் வரலாறு பார்க்க வேண்டுமா? கார்ள்ரன் வீதியில் பழைய கார்டன்ஸ் கட்டடம் அப்படியே நிற்கிறது. கீழே இப்போது லொப்லோஸ் கடை. மைதானத்தின் நடுப்புள்ளி இருந்த இடத்தில் தரையில் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறார்கள். மரக்கறி வாங்கப் போகும்போது பிள்ளையை அதன் மேல் நிறுத்திக் காட்டலாம்.

கேள்வி: மகளுக்கு ஜேர்சி வாங்க இருக்கிறேன். யாருடைய பெயர் போடலாம்?

பதில்: பெயர் இல்லாமல் வாங்குங்கள். பெயர் பதித்ததைப் பொதுவாகக் கடைகள் திரும்ப எடுப்பதில்லை. மனம் மாறியதற்காக எடுத்தாக வேண்டும் என்று ஒன்ராறியோவில் சட்டமும் இல்லை. 2025 கோடையில் லீவ்ஸின் நட்சத்திர வீரர் மிட்ச் மார்னர் வேகாஸ் அணிக்குப் போனபோது எத்தனையோ 16ஆம் இலக்க ஜேர்சிகள் அலுமாரிக்குள் போயின. பெயர் வேண்டும் என்று அடம்பிடித்தால் லீவ்ஸின் பழைய நட்சத்திரம் டேவ் கியோன், 14. அந்த இலக்கத்தை 2016இல் ஓய்வுபெறச் செய்துவிட்டார்கள். இனி வேறு எவருக்கும் அது கிடைக்காது.